கேரவன் வீட்டில் 4 வருடம்: ஒழுகல், பேரிங், பேட்டரி

நானும் என் கணவரும் ஒரு பழைய 16 அடி கேரவனில் குடியேறி 4 வருடம் ஆகிறது. பிக்கப்பின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வகை. வருடத்தில் பாதி நாள் பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் தெரிந்தவர் தோட்டத்தில் நிற்கும். மீதி நாள் தெலுக் பஹாங், பட்டர்வொர்த், தைப்பிங் என்று ஓடும். வாங்க நினைப்பவர்கள் உள்ளே எத்தனை பேர் படுக்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். நான் கூரையைப் பாருங்கள் என்கிறேன். பினாங்கு மழையில் கேரவனுக்கு எமன் தண்ணீர்தான்.

வாங்கிய வருடம் அக்டோபரில், கட்டில் தலைமாட்டு மூலையில் தேத்தண்ணிக் கறை மாதிரி ஒரு திட்டு. துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். இரண்டு வாரத்தில் பூஞ்சை வாடை வந்தது. சுவரை விரல் முட்டியால் தட்டினால் மற்ற இடமெல்லாம் 'டக் டக்', அங்கே மட்டும் 'பொத்'. ஸ்குரு டிரைவரை வைத்து அழுத்தினேன். நனைந்த ரொட்டியில் இறங்குவது போல இறங்கியது. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

கறைக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று தேடியதில் ஒரு நாள் வீண். தண்ணீர் கூரைத் தகட்டுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே ஓடி, வேறெங்கோ போய்ச் சொட்டும். அப்புறம் ஒரு வெயில் நாளில் அவர் வெளியே நின்று கீழிருந்து மேலாக ஒவ்வொரு மூட்டிலும் பத்து நிமிடம் தண்ணீர் விட்டார். பீய்ச்சக்கூடாது, மழை மாதிரி வழியவிட வேண்டும். நான் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்திருந்தேன். கூரை ஜன்னல் சட்டத்தை நனைத்தபோதுதான் கசிந்தது. கறையிலிருந்து நாலடி தள்ளி!

முன்பு வைத்திருந்தவர் அங்கே சிலிக்கோனை அப்பியிருந்தார். தயவுசெய்து கூரையில் அதைச் செய்யாதீர்கள். காய்ந்த சிலிக்கோன் மேல் வேறு எதுவும் சரியாக ஒட்டாது. முழுக்கச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, சட்டத்துக்கு அடியில் பியூட்டில் டேப் (பிசின் மாதிரி ஒட்டும் ரப்பர் பட்டை) வைத்து முறுக்கினோம். மறுநாள் வெயிலில் டேப் இளகியதும் இன்னொரு சுற்று முறுக்கி, பிதுங்கியதை வெட்டிவிட்டு, மேலே கூரைக்கென்றே விற்கும் சீலண்டைப் பூசினோம். உளுத்த பலகையை வெட்டியெடுத்த இடத்தில் ஒரு வாரம் காற்றாடி ஓடியது. ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் அத்தனை உழைப்பும் பாழ்.

தோட்டத்தில் நிறுத்துவோருக்கு ஒன்று: ஜூன், ஜூலையில் டுரியான் மரத்தடி வேண்டவே வேண்டாம். எங்கள் கூரை ஜன்னல் மூடி ஒரே பழத்தில் உடைந்தது.

அடுத்தது சக்கரம். ஒருமுறை 24 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்கு இரண்டாவது பாலத்தைக் கடந்து பத்து காவானில் இறங்கியதும், வழக்கம்போல இரண்டு பக்க ஹப்பையும் (சக்கரத்தின் நடுப்பகுதி) புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். இடது பக்கம் லேசான சூடு, வலது பக்கம் கை வைக்க முடியவில்லை. கழற்றினால் கிரீஸ் கருகி, சக்கரத்தைச் சுழலவிடும் பேரிங் சூட்டில் நீலம் பூத்திருந்தது. பிறையில் ஒரு உதிரிபாகக் கடை அண்ணன், "தங்கச்சி, வளையத்த துடைச்சிப் பாருங்க, நம்பர் இருக்கும்" என்றார். இருந்தது. கேரவன் எந்த நாட்டில் செய்ததென்று அவர் கேட்கவே இல்லை. அந்த நம்பரைப் பார்த்தே அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். இப்போது வருடம் ஒருமுறை கிரீஸ் மாற்றுகிறோம். சக்கரம் கழற்றி மாட்டினால் 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்குகிறோம். டயரில் பூ (தரையில் படும் வரிப்பள்ளம்) நிறைய இருந்தாலும் பக்கவாட்டு எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-இன் 23வது வாரம் செய்தது. கேரவன் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகி வெடிக்கும்.

பேட்டரி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய ஈய பேட்டரியில் 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தாலும் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். லித்தியம் மாற்றிய பிறகு அந்தக் கவலை இல்லை, ஆனால் சார்ஜரும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கடற்கரையில் நின்றுவிட்டு வந்தால் அடிச்சட்டத்தை நல்ல தண்ணீரில் கழுவுவோம். ஒயர் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்ப்போம்.

அந்த மூலைக்குப் புதுப் பலகை போட்டு மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. பெரிய மழை விட்டதும் முட்டியால் தட்டிப் பார்ப்பேன். நேற்றும் 'டக்' என்றுதான் கேட்டது.