பைப்பெட் பிடித்த கை யாருடையது?

காலாப்பட்டில் ஈ.சி.ஆர். ஓரமாக ஒரு டீக்கடை. அதன் பெஞ்சில் நாலு பிள்ளைகள் ஒரு லேப்டாப்பைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்து, 'நன்றி' என்ற தலைப்புக்குக் கீழே என்ன எழுதுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழு மாத வேலை முடிந்திருந்தது. தண்ணீரில் செம்பு இருந்தால் நீலமாக மாற வேண்டிய இ. கோலி பாக்டீரியா, ஒரு வழியாக நீலமாகிவிட்டது. போட்டிக்கான இணையப் பக்கத்தைப் பூட்ட இரண்டே நாள். யார் பெயரை எங்கே போடுவது என்பது மட்டும்தான் மிச்சம். கடைக்காரர் பாய்லரை அணைத்த பிறகும் அது முடியவில்லை.

அந்த அணியின் வழிகாட்டிகளில் நானும் ஒருத்தி. கடலூரிலிருந்து வாரத்தில் மூன்று நாள் இரண்டு பஸ் மாறிப் போவேன். அன்றைக்கு நாலு பேரும் நாலு வழி சொன்னார்கள். பிறகு வந்த அணிகளில் அந்த நாலையும் நடைமுறையில் பார்த்துவிட்டேன். எல்லாமே நல்லதுதான் என்று சொல்லிப் போக எனக்கு மனசில்லை.

பின்னணி கொஞ்சம். மரபணுக்களைச் சேர்த்து உயிரணுக்களைப் புது வேலை செய்யவைப்பது செயற்கை உயிரியல். அதில் மாணவர் அணிகளுக்கான பெரிய போட்டி ஐஜெம். 2003-ல் எம்.ஐ.டி.யில் ஜனவரி மாதப் பாடமாகத் தொடங்கி, 2004-ல் ஐந்து அணிகளோடு போட்டியானது. இன்று உலகம் முழுவதிலிருந்தும் அணிகள் வருகின்றன. இறுதி விழா பாரிஸில் நடக்கிறது. அங்கே வெண்கலப் பதக்கத்துக்கே ஒரு நிபந்தனை உண்டு: எந்த வேலையை மாணவர்கள் செய்தார்கள், எதை மற்றவர்கள் செய்து கொடுத்தார்கள் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆகவே அங்கே கேட்கப்படுவது நன்றி இல்லை, கணக்கு. இந்த வித்தியாசம் பிடிபடாமல்தான் எங்கள் பிள்ளைகள் டீக்கடையில் மாட்டிக்கொண்டார்கள்.

முதல் வழி, கல்யாணப் பத்திரிகை முறை. "எங்கள் முதல்வர், துறைத் தலைவர், பேராசிரியர்கள், வழிகாட்டிகள், பெற்றோர், நண்பர்கள் மற்றும் பலருக்கும் நெஞ்சார்ந்த நன்றி." சித்தப்பா பெயர் விட்டுப்போகாது, யார் மனமும் புண்படாது. ஆனால் பந்தியில் சாம்பார் ஊற்றியவர் யார், அடுப்படியில் நின்றவர் யார் என்று பத்திரிகையைப் பார்த்துச் சொல்ல முடியுமா? கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவை விடிய விடிய ஓட்டிய ஆய்வக உதவியாளர் அண்ணன் அந்த 'மற்றும் பல'ருக்குள் கரைந்துவிடுவார். ஒரு நாள்கூட ஆய்வகத்துக்குள் வராத பெரியவர் முதல் வரியில் நிற்பார். இந்த வழியைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது, ஆய்வுக் கட்டுரை வரிசை. கை வேலை அதிகம் செய்தவர் முதலில், ஆய்வகத் தலைவர் கடைசியில், மற்றவர்கள் நடுவில். உயிரியல்காரர்களுக்குப் பழக்கமான இலக்கணம் இது. சுருக்கமானது, வேலைக்கு மனுப்போடும்போது உதவும். 'முதல் ஆசிரியர்' என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

ஆனால் பதினைந்து பேர் அணியில் இரண்டு இடங்களுக்குத்தான் பொருள் உண்டு. நடுவிலிருக்கும் பதின்மூன்று பேரும் திருவிழாக் கூட்டம். நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது: இனிஷியல். கவிதா என்ற பெண் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்கிறார்களே என்று அப்பா பெயரை நிரப்புவாள். பிறகு அவள் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லாம் 'சுப்பிரமணியன், க.' என்றுதான் எழுதுவார்கள். ஆய்வகத்தில் நின்று கால் கடுத்தவள் மகள், புகழ் போவது பண்ருட்டியில் பலாப்பழ மண்டி வைத்திருக்கும் அப்பாவுக்கு! ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கிடைக்கும் பதினாறு இலக்க ஆர்சிட் எண் இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். அதை முதல் வாரமே வாங்கச் சொல்லிவிடுகிறேன்.

வரிசையில் முன்னால் நிற்பது பாதுகாப்பு என்றும் நினைக்க முடியாது. 1943-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இருபத்துமூன்று வயது ஆய்வு மாணவர், காசநோய்க்கு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். 1944-ல் வந்த கட்டுரையில் முதல் பெயர் ஷாட்ஸ், அடுத்தது எலிசபெத் பூகி, கடைசிப் பெயர் பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மன். வரிசை சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் பெருமையெல்லாம் பேராசிரியர் பக்கம் போனதால் 1950-ல் ஷாட்ஸ் வழக்குப் போட வேண்டியிருந்தது. சமரசத்தில் இணைக் கண்டுபிடிப்பாளர் என்று ஒப்புக்கொண்டார்கள். 1952-ல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. யார் எதைச் செய்தார் என்பதை அந்த மூன்று பெயர் வரிசை சொல்லவில்லை. அதைத் தீர்த்துக்கொள்ள நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

நமக்குப் பக்கத்திலேயே சண்டை சச்சரவு இல்லாத ஓர் உதாரணம் உண்டு. புரதங்களின் வடிவத்தைப் படிக்கும் எல்லாரும் அறிந்தது 'ராமச்சந்திரன் வரைபடம்'. 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியான அந்தக் கட்டுரையில் ஜி.என். ராமச்சந்திரனோடு அவருடைய மாணவர்கள் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் பெயர்களும் இருக்கின்றன. யாரும் யாரையும் மறைக்கவில்லை. ஆனாலும் பேச்சு வழக்கில் ஒரு பெயர்தான் நின்றது. பெயர்ப் பட்டியல் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் உலகம் அதைச் சுருக்கித்தான் நினைவில் வைத்துக்கொள்ளும்.

கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர் புதுச்சேரி. மருத்துவம் படிக்கும் தோழி ஒருத்தியைக் கேட்டு வந்து, "அக்கா, அவங்க இதழ்களில் விதி வேற மாதிரி" என்றாள் ஓர் அணிப் பெண். உண்மைதான். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு ஆசிரியர் தகுதிக்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. நான்கும் பொருந்த வேண்டும். பணம் வாங்கிக் கொடுத்தது மட்டுமோ, பொதுவாக மேற்பார்த்தது மட்டுமோ போதாது. நல்ல வேலிதான். ஆனால் வேலிக்கு உள்ளே யார், வெளியே யார் என்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

மூன்றாவது வழி, 'கிரெடிட்' என்கிற பங்குப் பட்டியல். கருத்துருவாக்கம், முறையியல், மென்பொருள், ஆய்வு நடத்துதல், மேற்பார்வை, நிதி திரட்டல், முதல் வரைவு, திருத்தம் என்று மொத்தம் 14 பங்குகள். 2022-ல் அமெரிக்கத் தரநிலையாகவும் ஆனது. பல ஆய்விதழ்கள் இதைக் கேட்கின்றன. ஒரே ஆளுக்குப் பல பங்கு தரலாம். முதன்மை, சமம், துணை என்று அளவும் குறிக்கலாம். கணினி மாதிரி எழுதிய பையனுக்கும் பக்கத்தை வடிவமைத்த பெண்ணுக்கும் முதன்முறையாக அவர்கள் வேலைக்கென்றே ஒரு பெயர் கிடைக்கிறது. இரண்டாம் வழியைவிட இது பல படி மேல்.

எனக்கு இதில் இடிப்பது ஒரே சொல்: மேற்பார்வை. இடம் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, மாதம் ஒருமுறை வந்து "என்னப்பா, எப்படிப் போகுது?" என்று கேட்ட சாரும் மேற்பார்வை. ராத்திரி பத்து மணி வரை நின்று, ஜெல்லில் இருக்கும் சின்னக் குழியைக் குத்திவிடாமல் அதற்குள் சாம்பிளை இறக்கக் கற்றுக்கொடுத்த ஆராய்ச்சி மாணவியும் மேற்பார்வை. மாணவனுக்குப் பொறுமை இல்லை என்று பைப்பெட்டைத் தானே வாங்கிச் செய்து முடித்துவிட்ட அண்ணனும் அதே கட்டத்துக்குள்தான் போவார். ஐஜெம் கேட்கும் கேள்விக்குப் பதிலே இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசம்தான். அனுபவசாலிகள் அனுபவசாலிகளுக்காகச் செய்த பட்டியல் இது. கற்றுக்கொடுப்பதற்கும் செய்து கொடுப்பதற்கும் நடுவே உள்ள கோடு அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

நான் கை தூக்குவது நான்காவது வழிக்கு. வேலைவாரியாக எழுதுவது. ஆளின் பெயரில் தொடங்காமல் வேலையில் தொடங்கி, அதற்கு நேரே ஆட்களை வைப்பது. நாங்கள் நாலே நாலு வினைச்சொற்களை வைத்துக்கொண்டோம்: செய்தார், கற்றுக்கொடுத்தார், கூட நின்றார், கொடுத்தார். பிரைமர் (டி.என்.ஏ.வை நகலெடுக்கத் தொடங்கிவைக்கும் சிறு துண்டு) வடிவமைப்பு, இன்னார் செய்தார், இன்னார் கற்றுக்கொடுத்தார். காம்பிடெண்ட் செல் (வெளி டி.என்.ஏ.வை ஏற்கும் பாக்டீரியா) தயாரிப்பு, இரண்டு பேர் செய்தார்கள், ஓர் அக்கா கூட நின்றார். செயற்கையாகத் தயாரித்த டி.என்.ஏ., வெளி நிறுவனம் கொடுத்தது. இப்படி எழுதும்போது சார் 'கொடுத்தார்' வரிசையில் கம்பீரமாக நிற்கிறார்; அவர் கொடுத்த இன்குபேட்டர் இல்லாமல் ஒரு தட்டிலும் பாக்டீரியா முளைத்திருக்காது.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் தான் கொடுத்தவை, அக்கன் குந்தவை கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை என்று பிரித்துப் பிரித்துத்தான் வெட்டச் சொன்னான். 'அனைவருக்கும் நன்றி' என்று அவன் விட்டுவிடவில்லை. (டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைத்து 'உபயம்' எழுதுகிற பழக்கம் நமக்கு எப்போது வந்ததோ தெரியாது.) இந்தத் துறைக்குள்ளும் அதே குணம் இருக்கிறது. எங்கள் பாக்டீரியா நீலமாவது அமில்சிபி என்ற புரதத்தால். பவள உயிரியிலிருந்து வந்தது. அணிகள் செய்த மரபணுப் பாகங்களைப் பதிந்து வைக்கும் ஐஜெம் உதிரிப்பாகப் பதிவகத்தில் அதன் எண் பிபிஏ கே592009. அந்த 592, ஸ்வீடனின் உப்சாலா அணி 2011-ல் பெற்ற எண். பாகத்தை எடுத்துப் பயன்படுத்தும்போதே சேர்த்தவர்கள் யார் என்பதும் கூடவே வந்துவிடுகிறது.

நான்காம் வழியில் எனக்கு மிகவும் பிடித்தது, தோற்றவை அழியாமல் இருப்பது. எங்கள் அணியில் ஒரு பையன் ஜூன், ஜூலை முழுக்கப் பிளாஸ்மிட்டை (வட்டமான சிறு டி.என்.ஏ.) பாக்டீரியாவுக்குள் ஏற்ற முயன்றான். பனிக்கட்டி, 42 டிகிரிச் சூடு, மறுபடி பனிக்கட்டி. மறுநாள் காலையில் வெறும் தட்டு. ஒன்பது முறை. பத்தாவது முறை வேறொரு பெண் செய்தாள், வந்துவிட்டது. கட்டுரை வரிசையில் அவள் மேலே போவாள். கிரெடிட்டில் இருவருக்கும் 'ஆய்வு நடத்துதல்'. எங்கள் கணக்கில் மட்டும் 'முயற்சி 1 முதல் 9 வரை' என்று ஒரு வரி நின்றது. தட்டில் கலந்த ஆம்பிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்தின் அளவு தவறு என்று கண்டுபிடித்தது எட்டாவது முயற்சியில், அதுவும் அவனேதான் என்பதும் அதில் இருந்தது.

இதற்குச் செலவு உண்டு. கடைசி வாரத்தில் உட்கார்ந்து எழுதினால் பாதி மறந்திருக்கும், மீதியில் சண்டை வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆய்வகக் குறிப்பேட்டைத் திறந்து பத்து நிமிடம் ஒதுக்கினால்தான் ஆகும். சிலர் அதை உளவு வேலை மாதிரி பார்ப்பார்கள். எங்கள் திட்டத்தைப் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கப் போன இடங்களில் பெயர் போடலாமா என்று தனியாகக் கேட்க வேண்டும். தேவனாம்பட்டினத்தில் எங்களோடு ஒரு மணி நேரம் பேசிய மீனவர் ஒருவர், "என் பேரெல்லாம் வேணாம்மா, ஊர் பேரு போடு" என்றார். அப்படியே போட்டோம். எல்லாவற்றையும்விடக் கஷ்டம், வழிகாட்டியின் கை பட்ட இடத்தை ஒப்புக்கொள்வது. எழுதினால் பதக்கம் போய்விடும் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். உண்மையில் வெளி உதவி தவறில்லை, அதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

சுவரொட்டியில் இடமில்லை என்றால் பெயர் வரிசை போதும். பின்னாளில் கட்டுரையாக வந்தால் இதழ் கேட்கும் கிரெடிட்டை இந்தக் கணக்கிலிருந்தே அரை மணியில் எடுத்துவிடலாம். அதிலிருந்து இதை எடுக்க முடியாது. அம்மாக்கள் கட்டிக் கொடுத்த புளிசாதத்துக்கு முதல் வழியின் பத்தி இருக்கட்டும்.

அந்த டீக்கடை ராத்திரிக்கு வருகிறேன். அதற்கு முந்தின வாரம் ஒத்திகை நேர்காணல் நடந்தது. வெளியிலிருந்து வந்த ஒருவர், "இந்த கிப்சன் அசெம்பிளியை யார் செய்தது?" என்று கேட்டார். டி.என்.ஏ. துண்டுகளை ஒன்றாக ஒட்டும் வேலை அது. பொறுப்பாக இருந்த பெண் என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். முதல் இரண்டு தடவை அவள் செய்தாள், சரியாக வரவில்லை. மூன்றாவது தடவை கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று குழாய்களை நான் வாங்கி, கலந்து, 50 டிகிரியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். அது தேறிவிட்டது. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

பெஞ்சில் கணக்கு அந்த வரிக்கு வந்தபோது அவள் தட்டுவதை நிறுத்தினாள்.

"அக்கா, மூணாவது முயற்சி... 'கூட நின்றார்'னு போட்டுடவா?"

"'செய்தார்'னு போடு."

போட்டாள். மேலே ஒரு வரி சேர்த்து, முதல் இரண்டு முயற்சிகளுக்கு நேரே தன் பெயரையும் எழுதினாள்.