எர்திக்: வேலையாட்களின் வழியாக ஒரு மாளிகை

வேல்ஸின் ரெக்ஸம் ஊருக்குத் தெற்கே சுமார் மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது எர்திக் மாளிகை. வேல்ஸுக்கு வருகிறவர்கள் கோட்டைகளைப் பார்க்கும் அவசரத்தில் இதை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். நான் செஸ்டரில் ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வை பார்க்கிறேன். படுக்கை விரிப்பும் தூசியும்தான் என் பிழைப்பு. நான் பார்த்த பெரிய வீடுகளில், அந்த வேலைக்கு உரிய மரியாதை தந்த வீடு இதுதான்.

முதலில் தச்சுப் பட்டறை, கொல்லுப்பட்டறை, குதிரை லாயம், சலவைக்கூடம் என்று வேலை நடந்த இடங்கள். அதையெல்லாம் தாண்டித்தான் வீட்டுக்குள் போகிறோம். சலவைக்கூடத்தில் என்னால் நகரவே முடியவில்லை. துணி தேய்க்க அங்கே ஒரு பெரிய மரப்பெட்டி. உள்ளே முழுக்கக் கல். ஈரம் உலர்ந்த விரிப்பை உருளையில் சுற்றி அடியில் வைத்து, பெட்டியை முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். அந்தக் கனத்தில்தான் சுருக்கம் போகும். ஒரு விரிப்புக்கே தோள்பட்டை கழன்றுவிடும். அடுத்து சமையலறை. "வீணாக்காதே, குறைவு வராது" என்று பொருள்படும் வாசகத்தைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் வேலையாட்களின் கூடம். 1790களில் இந்த வீட்டின் எஜமானர் பிலிப் யார்க், டென்பி ஊர் ஓவியர் ஜான் வால்டர்ஸை வரவழைத்துத் தன் ஆட்களை எண்ணெய் வண்ணத்தில் வரையச் சொன்னார். தச்சர், கொல்லர், வேட்டைக்காவலர் என்று ஒவ்வொருவருக்கும் தானே ஒரு பாட்டும் எழுதினார். 1793 படத்தில் ஜேன் எப்ரல் நிற்கிறார். வயது 87, கையில் துடைப்பம். எழுபது வருஷம் ஒட்டடை அடித்தவர் என்றும் எங்கள் எல்லாருக்கும் தாய் என்றும் பாட்டு சொல்கிறது. கவிதையாகப் பார்த்தால் சுமார்தான். ஆனால் அந்தக் காலத்தில் வீட்டு வேலை செய்த ஒரு பெண்ணின் பெயரும் முகமும் வயதும் வேறெங்கே இப்படி மிச்சமிருக்கிறது? 1852க்குள் கேமரா வந்துவிட, வேலையாட்களை வாசலில் நிறுத்திப் படமும் எடுத்தார்கள், அவரவர் கருவியோடு.

எல்லாம் நல்லதாகவே இருந்துவிடவில்லை. கொம்பு வாத்தியத்தோடு நிற்கும் ஒரு கறுப்பின இளைஞரின் பழைய படம் இருக்கிறது. அவரைப் பற்றி அதிகம் தெரியாது என்று பாட்டே ஒப்புக்கொள்கிறது. 1907இல் சமையல்காரர் எலன் பென்கெத் 500 பவுண்டு திருடியதாக இதே குடும்பம் நீதிமன்றத்துக்கு இழுத்தது. நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இங்கே போகிறவர்கள் ஜேன் எப்ரலோடு சேர்த்து அவரையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். 1684இல் இந்த வீட்டைக் கட்டத் தொடங்கியவர் ஜோஷுவா எடிஸ்பரி. புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல் அவருடைய நண்பர், பிறகு அவருக்குக் கடன் கொடுத்தவரும் ஆனார். யேல் மதராஸிலிருந்து பரிசாக அனுப்பிய அரக்குத் திரை இன்னும் வீட்டில் இருக்கிறது. யேலின் கல்லறை ரெக்ஸம் தேவாலய முற்றத்தில். கட்டியவரோ கடனில் மூழ்கினார். லண்டன் வழக்கறிஞர் ஜான் மெல்லர் வீட்டை வாங்கி, கண்ணாடியும் பட்டும் வெள்ளிப் பூச்சு நாற்காலிகளுமாக நிரப்பினார். 1733இல் அது அவருடைய சகோதரி மகன் சைமன் யார்க்குக்கு வந்தது. அதன் பிறகு 240 வருஷம் யார்க் குடும்பத்தின் கையில். அவர்கள் எதையும் தூக்கிப் போடவே இல்லை. நமக்கு அதுதான் லாபம்.

வீட்டை ஏறக்குறைய விழவைத்தது நிலக்கரி. பெர்ஷம் சுரங்கம் அடியில் தோண்டத் தோண்ட, கட்டடம் ஐந்தடி வரை இறங்கியது. கூரை பிளந்து மழை உள்ளே கொட்டியது. மின்சாரமும் கிடையாது. கடைசி வாரிசு, அவர் பெயரும் பிலிப்தான், பாத்திரங்களை வைத்து ஒழுக்கைப் பிடித்துக்கொண்டு தனியாக வாழ்ந்தார். 1973இல் வீட்டை, பழைய வீடுகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்தார். சுரங்க வாரியம் தந்த நஷ்ட ஈடு 1,20,000 பவுண்டு பழுதுபார்க்க உதவியது. 1977இல் மக்களுக்குத் திறந்தார்கள். இன்று சுவரைப் பார்த்தால் இவ்வளவு நடந்ததென்று நம்ப முடியாது.

அறைகள் இருட்டாகவே இருக்கும். பழைய துணிகள் வெளுத்துவிடாமல் இருக்க அது தேவை, அதனால் கண் பழகும்வரை அவசரப்படாதீர்கள். வெளியே நேராக ஓடும் வாய்க்காலும் சுவரோரம் படரவிட்ட ஆப்பிள், பேரி மரங்களும் அழகு. ஆனால் எனக்குப் பிடித்தது பூங்காவின் 'கப் அண்ட் சாஸர்'. 1770களில் வில்லியம் ஈம்ஸ் அமைத்தது. ஓடைத் தண்ணீர் ஒரு வட்டக் கல்தொட்டியில் பரவி, நடுவிலுள்ள துளைக்குள் விழுந்து, அடியிலுள்ள சுரங்கப்பாதை வழியாக வெளியேறுகிறது. குழந்தைகளை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம்.

வீட்டுக்கும் தோட்டத்துக்குமாக ஒரு முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் நேரமும் தோட்டத்தின் நேரமும் வேறு வேறாக இருக்கலாம், கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். பூங்காப் பாதை மழைக்குச் சேறாகும், அதற்கேற்ற ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.