வெடியாலயா, பொழுதோடயா: வீட்டில் வைக்கும் சின்னக் குழந்தையின் பிறந்தநாளுக்கு எந்த நேரம்?

மண்டபம் வேண்டாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானதும் எல்லோரும் பேசத் தொடங்குவது கேக்கையும் பலூனையும்தான். அதற்கு முன்னால் முடிவாக வேண்டியது நேரம்: எங்கள் கொங்குப் பக்கத்துப் பேச்சில் சொன்னால் வெடியாலயா (காலையா), பொழுதோடயா (சாயங்காலமா). எங்கள் வீட்டு இரண்டாம் பிறந்தநாளை ஞாயிறு காலை பத்து மணிக்கு வைத்தோம். சொந்தபந்தம் எதிர்பார்ப்பது பொழுதோட ஆறரை மணி. ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயது வரை உள்ள குழந்தைக்குக் காலை நேரம்தான் சரி என்பது என் முடிவு, அதனால் காலையைப் பற்றித்தான் இங்கே அதிகம் இருக்கும்.

சாயங்காலத்துக்கு உள்ள அழகு எல்லோருக்கும் தெரிந்தது. சீரியல் விளக்கு, மெழுகுவத்தி வெளிச்சம், அவசரமில்லாமல் உட்கார்ந்து பேச நேரம். காலைக்கு ஜன்னல் வெளிச்சம் இருக்கிறது. படங்கள் தெளிவாக வரும். டிபன், இரவுச் சாப்பாட்டைவிடச் செலவு குறைவு. இவற்றில் எதை வைத்தும் முடிவெடுக்க வேண்டியதில்லை.

முடிவெடுக்க வைப்பது குழந்தையின் தூக்கம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 1 முதல் 2 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம், 3 முதல் 4 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று இருக்கிறது. இதை உங்கள் வீட்டுக் கடிகாரத்தில் வைத்துப் பாருங்கள். காலை 6.30-க்கு எழும் இரண்டு வயதுக் குழந்தை, மதியம் 12.30 வாக்கில் கண் சொருகி இரண்டு மணி நேரம் தூங்கும். மொத்தம் 12 மணி நேரம் கிடைக்க இரவு 8.30-க்குப் படுத்தாக வேண்டும்.

ஆறரை மணிக்கு என்று அழைத்த விசேஷத்துக்குக் கூட்டம் சேர ஏழேகால் ஆகும். கடைசிச் சித்தப்பா பைபாஸில் வந்துகொண்டிருக்கிறார் என்று கேக்கை நிறுத்தி வைப்பார்கள். வெட்டும்போது மணி 7.45. குழந்தை பகல் தூக்கத்திலிருந்து எழுந்து ஐந்து மணி நேரம் தாண்டிவிட்டது, வயிறும் காலி. அப்போது விளக்கை அணைத்து, முப்பது பேர் ஒரே நேரத்தில் கைதட்டி, யாரோ பார்ட்டி பாப்பரைப் படீரென்று வெடித்தால் குழந்தை அழும். பிடிவாதம், கூச்ச சுபாவம் என்றெல்லாம் அதற்குப் பெயர் வைக்கிறோம். அது களைப்பு, வேறொன்றும் இல்லை.

இதைவிட மோசமானது மதியத்திலேயே நடந்துவிடும். மாலை விசேஷத்துக்கு அலங்காரம் நடப்பது மதியம் ஒன்று முதல் நான்கு வரை, அதாவது சரியாகக் குழந்தை தூங்கும் நேரத்தில். ஏணி இழுக்கும் சத்தம், பலூன் உடையும் சத்தம், அம்மிச்சியும் அப்புச்சியும் (அம்மாவைப் பெற்றவர்கள்) வந்து இறங்கும் ஆரவாரம். அரை மணி நேரத்தில் எழுந்துவிடும் குழந்தையை மறுபடி தூங்கவைக்க முடியாது. மாலை விசேஷம் பெரும்பாலும் கெடுவது இங்கேதான்.

காலையில் இந்தக் கணக்கு திரும்பிவிடுகிறது. எழுந்து மூன்றரை மணி நேரத்தில், பத்து மணிக்கு, குழந்தை நல்ல தெம்பில் இருக்கும். 10.10-க்குக் கேக், 10.30-க்கு டிபன், பதினொன்றரைக்குப் பந்தி முடிந்துவிடும். பன்னிரண்டு மணிக்கு உடை மாற்றி, பருப்புச் சாதம் ஊட்டி, வழக்கமான நேரத்துக்கே தொட்டிலில் போடலாம்.

பெரியவர்களிடம் இதைச் சொல்லும்போது தூக்கக் கணக்கைவிடப் பஞ்சாங்கம் சுலபமாக எடுபடும். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை. அதனால்தான் மாலை விசேஷத்தை ஐந்து மணிக்கு முன்கூட்டி நகர்த்த வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். எமகண்டம் மதியம் 12 முதல் 1.30 வரை, காலை பத்து முதல் பன்னிரண்டு வரை ஒரு தடையும் இல்லை. சனிக்கிழமை என்றால் ராகு காலம் காலை 9 முதல் 10.30 வரை இருக்கிறது, கேக்கைப் பத்தேமுக்காலுக்குத் தள்ளுங்கள். தோட்டத்துச் சொந்தங்களுக்கும் காலை தோதுதான். மாடு கறந்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றி, தீவனம் போட்டுவிட்டு நிம்மதியாக வரலாம். சாயங்காலம் மறுபடி கறவை. அதை முடித்துக் கிளம்பினால் ஏழரைக்குத்தான் வந்து சேர்வார்கள், வந்ததிலிருந்து கடைசி பஸ்ஸைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

காலையில் வைப்பதென்றால் பாதி வேலை சனிக்கிழமை இரவே முடிய வேண்டும். பலூனைக் குழந்தை தூங்கிய பிறகு வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஊதுங்கள். கைப் பம்பு இரண்டு இருந்தால் இருவர் சேர்ந்து நூறு பலூனை முக்கால் மணி நேரத்தில் முடிக்கலாம். ஊதும்போது முழு அளவுக்குப் போகாமல், பேரிக்காய் வடிவம் வருவதற்கு முன்பே நிறுத்தி முடிச்சுப் போடுங்கள். இறுக்கமாக ஊதியது காலைச் சூட்டில் தானாக வெடிக்கும். சாதாரணக் காற்று அடைத்தது நிழலில் மறுநாளும் கல்லு மாதிரி இருக்கும். சுவரில் டேப் ஒட்டினால் டிஸ்டம்பர் உரிந்து வரும். அதற்குப் பதில் ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச் சுவர் ஆணிக்கு நைலான் கயிறு கட்டி அதில் கோத்துவிடுங்கள். வாசலுக்குத் தென்னங்குருத்துத் தோரணமும் மாவிலையும் போதும். உடைந்த பலூன் துண்டுகளை உடனுக்குடன் பொறுக்கிவிட வேண்டும். சின்னக் குழந்தை அதை வாயில் போட்டு உறிஞ்சினால் தொண்டையில் போய் ஒட்டி மூச்சை அடைத்துவிடும். கேஸ் பலூன் வேண்டவே வேண்டாம். தெருவில் விற்பதில் ஹைட்ரஜன் இருக்கக்கூடும், மெழுகுவத்தி பக்கத்தில் அது குண்டு. ஸ்னோ ஸ்பிரேயும் அப்படித்தான். அதைப் பீய்ச்சித் தள்ளும் வாயு தீப்பற்றக்கூடியது.

கேக்தான் காலை விசேஷத்தின் பலவீனமான இடம். பத்து மணிக்கு வெட்ட வேண்டியதை முந்தின இரவே பேக்கரியில் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தாக வேண்டும். ஒரு கிலோ கேக்குக்கு ஏறக்குறைய 10 அங்குலச் சதுரப் பெட்டி, ஒன்றரை, இரண்டு கிலோவுக்கு 12 அங்குலம். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் தட்டில் அது நுழையுமா, மேல் தட்டு இடிக்குமா என்று ஆர்டர் கொடுக்கும் முன்பே டேப் வைத்து அளந்துவிடுங்கள். இரவு எட்டரைக்குக் கேக்கோடு வந்து நின்றுகொண்டு தட்டைக் கழற்றப் பார்ப்பது எல்லா வீட்டிலும் நடப்பது. பூண்டு, மீன், அரிந்த வெங்காயம் எதுவும் உள்ளே திறந்தபடி இருக்கக் கூடாது. கிரீம் வாசனையை இழுத்துக்கொள்ளும். வெட்டுவதற்கு இருபது நிமிடம் முன்னால் வெளியே எடுத்தால் போதும். முப்பது பேருக்கு ஒன்றரை கிலோ தாராளம், ஏனென்றால் காலையில் யாரும் இரண்டாம் துண்டு கேட்பதில்லை. மெழுகுவத்தி ஏற்றும் முன் மின்விசிறியை நிறுத்த ஒருவரை ஸ்விட்ச் பக்கத்திலேயே நிற்க வையுங்கள்.

டிபனுக்கு இட்லியும் சந்தகையும் (இடியாப்பம் மாதிரி இழையாகப் பிழிவது) போதும், கூடவே முந்தின நாளே சுட்டுவைத்த கச்சாயம் என்ற இனிப்புப் பலகாரம். இருபத்தைந்து பெரியவர்கள், எட்டுக் குழந்தைகள் என்றால் இட்லி எண்பது. ஒன்றேகால் கிலோ அரிசிக்கு வரும். சந்தகைக்கு இரண்டரை கிலோ புழுங்கல் அரிசியை இரவு பத்து மணிக்கு ஊற வைத்து, காலை ஐந்துக்கு ஆட்டுங்கள். சந்தகை மாவு புளிக்கக் கூடாது. இரவே ஆட்டினால் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், அங்கேயோ கேக் உட்கார்ந்திருக்கும். இரண்டு லிட்டர் கிரைண்டரில் ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்குமேல் போடாதீர்கள். மூன்று ஈடு, ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். விரலால் தேய்த்தால் துளிகூட நறநறப்பு இருக்கக் கூடாது. கொரகொரப்பாக இருந்தால் இழை துண்டு துண்டாக அறுந்துவிடும், தண்ணீர் கூடினால் களியாக ஒட்டும். இட்லித் தட்டில் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் வேக வைத்து, ஆவி பறக்கும்போதே சந்தகை மரத்தில் (பிழியும் அச்சில்) போட்டு அழுத்த வேண்டும். ஆறிவிட்டால் இரண்டு ஆள் தொங்கினாலும் இறங்காது. அதனால் எல்லா ஈட்டையும் ஒரேயடியாக வேக வைக்காமல், ஒரு தட்டு பிழியும்போது அடுத்த தட்டு வேகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிழிந்ததை ஈரத்துணி போட்டு மூடினால் பந்தி வரை மெத்தென்று இருக்கும்.

எலுமிச்சைச் சந்தகையில் கடலையும் கடலைப் பருப்பும் தாளிப்போம் அல்லவா, குழந்தைகள் பங்கைத் தாளிக்கும் முன்பே தனியே எடுத்துவிட வேண்டும். நான்கு வயதுக்குள் முழுக்கடலை புரையேறினால் ஆபத்து. அவர்களுக்குத் தேங்காய்ப் பால்தான். நான்கு தேங்காயில் முதல் பாலும் இரண்டாம் பாலும் சேர்ந்து ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் வரும். வெல்லப் பாகை வடிகட்டி நன்றாக ஆறவிட்டுப் பாலில் கலந்து, ஏலக்காய் தட்டிப் போடுங்கள். சூட்டோடு கலந்தால் திரிந்துபோகும். பால் ஒன்பதரைக்கு முன்னால் பிழிய வேண்டாம், வெயில் ஏற ஏறச் சீக்கிரம் புளித்துவிடும்.

இதே சாப்பாட்டுக் கணக்கில் மாலை அடிவாங்கும். ஃப்ரைட் ரைஸோ பிரியாணியோ நான்கு மணிக்குச் சமைத்து ஐந்துக்கு வீடு வந்து சேரும். பந்தி எட்டுக்கு மேல்தான். சமைத்த உணவை வெளியே வைத்திருக்க இரண்டு மணி நேரம்தான் பாதுகாப்பான எல்லை. வெக்கை 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமி விடும் நஞ்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. மறுநாள் இரண்டு மூன்று வீட்டில் குழந்தைகள் வாந்தி எடுத்தால் காரணம் பெரும்பாலும் கேக்காக இருக்காது. மாலைதான் என்றால் சமையல் ஆளிடம், அண்டா வீட்டுக்கு வரும் நேரம் ஏழரை என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

மொட்டை மாடியில் மாலை விசேஷம் போட நினைப்பவர்கள் மாதத்தைப் பார்க்க வேண்டும். ஆனியிலும் ஆடியிலும் ஏறக்குறைய 30 கி.மீ. அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் அடித்துத் தள்ளும். மத்தியானத்துக்கு மேல் இன்னும் வலுக்கும். மெழுகுவத்தி நிற்காது, பேப்பர் தட்டு நிற்காது, பலூன் வளைவு கம்பியோடு சாயும். சித்திரை, வைகாசியில் இடி மழை வருவதும் சாயங்காலம்தான். ஐப்பசியில் மழை விட்ட மாலை டியூப்லைட்டைப் போட்டால் ஈசல் கூட்டமாக இறங்கிப் பாயசத்தில் விழும். மாசியும் பங்குனியும்தான் மாடிக்கு நம்பகமான மாதங்கள்.

காலைக்கும் குறைகள் உண்டு. ஆவணி, தை, வைகாசி வளர்பிறை ஞாயிறு பெரும்பாலும் முகூர்த்த நாள். கல்யாணமோ காதுகுத்தோ இரண்டு இருந்தால் சொந்தங்களில் பாதிப் பேர் அங்கே போய்விடுவார்கள், பூவும் விலை ஏறியிருக்கும். காலண்டரைப் பார்த்து ஒரு வாரம் தள்ளுங்கள், குழந்தைக்குத் தேதி தெரியாது. சனிக்கிழமை என்றால் மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை காலை ஒன்பதிலிருந்து இருக்கலாம். பேப்பரில் முன்கூட்டியே வரும், பார்த்துக்கொண்டால் மாவை எட்டுக்குள் ஆட்டிவிடலாம். சமையலறையில் ஐந்து மணியிலிருந்து கைகொடுக்க இரண்டு பேர் இல்லாத வீட்டுக்கு இந்தச் சந்தகைத் திட்டம் ஒத்துவராது. இட்லியை மட்டும் வீட்டில் ஊற்றி, மற்றதை அக்கம்பக்கத்தில் செய்து தருபவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

முதல் பிறந்தநாளுக்கு என் சாய்வு அவ்வளவு உறுதியானதில்லை. அந்த வயதில் பல குழந்தைகள் இன்னும் காலையில் ஒன்பதரை, பத்துக்கு ஒரு தூக்கம் போடுவார்கள். ஒன்றரை வயதுக்குள்தான் அது நிற்கும். உங்கள் குழந்தை எப்போது தூங்குகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். பத்து மணிக்குத் தூங்குகிறதென்றால் பதினொன்றேகாலுக்குக் கேக் வெட்டி, டிபனுக்குப் பதில் அரிசிம்பருப்புச் சாதம் போட்டுவிடலாம். இரண்டு கிலோ அரிசிக்கு 650 கிராம் துவரம்பருப்பு, இருபத்தைந்து பேருக்குச் சரியாக இருக்கும். கேக்கில் குழந்தைக்கு நாக்கில் தடவும் அளவு போதும். இரண்டு வயது வரை சர்க்கரைப் பண்டம் தள்ளிவைக்க வேண்டியதுதான். ஒரு வயது நிறைவதற்கு முந்தின ஞாயிற்றிலேயே விசேஷம் வைத்தால் தேன் தடவ யாரையும் விட வேண்டாம்.

பகல் தூக்கம் நின்ற, பள்ளிக்கூடச் சிநேகிதர்கள் வரும் ஐந்து, ஆறு வயதுக்கு இந்த வாதம் எவ்வளவு செல்லும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அவர்களுக்கு விளக்கு வெளிச்சமும் ஓடியாட இருட்டும் தனிச் சந்தோஷம். ஆனால் சின்னதுக்குக் காலை என்று தீர்மானித்துவிட்டால் அழைக்கும்போது நேரத்தைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சொல்லுங்கள். “ஞாயித்துக்கெழம வெடியால டிபனுக்கு வந்துருங்க, பத்து மணிக்குக் கேக் வெட்டிப்போடுவோமுங்க” என்றால் ஒன்பதேமுக்காலுக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். “ஞாயித்துக்கெழம பொறந்தநாளுங்க” என்று மட்டும் சொன்னால் பாதிப் பேர் பொழுதோட ஆறரைக்கு வந்து கதவைத் தட்டுவார்கள்.