"பெரிய கப்பல், ஆடவே ஆடாது" என்று சொல்லி விற்பவர்களிடம் கவனமாக இருங்கள்

நீண்ட கடல் பயணத்துக்கு முன்பதிவு செய்ய நினைப்பவர்கள், முக்கியமாக வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போக நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எனக்கு இதெல்லாம் தெரிந்தது பணம் கட்டிய பிறகுதான்.

அம்மாவுக்கு 68 வயது. ஒரு தடவையாவது ஒரு பெருங்கடலைக் கடந்து பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஒரு பயண முகவரிடம் போனோம். சவுத்தாம்ப்டனில் ஏறி ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக், கிரீன்லாந்தின் தென்முனை, நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் வழியாக நியூயார்க். செப்டம்பர் கடைசியில் கிளம்பி அக்டோபரில் முடிகிற பயணம். நான் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "கடல் எப்படி இருக்கும்? அம்மாவுக்கு பஸ்ஸில் போனாலே தலை சுற்றும்." அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மேடம், இது ஒரு லட்சம் டன் கப்பல். ஸ்டெபிலைசர் இருக்கு. ஆடுறதே தெரியாது. அம்மா பால்கனியில உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கிட்டே போகலாம்." அதோடு விடவில்லை. மேல்தளத்தில், முன்கோடியில் இருந்த ஓர் அறையைக் காட்டி, கப்பலிலேயே நல்ல காட்சி இங்கேதான் என்று சொல்லி, கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு அதையே கொடுத்தார்.

தலை சுற்றும் என்று சொன்ன ஒருவருக்கு அந்த அறையைக் கொடுத்ததை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. சிறுவர்கள் விளையாடும் சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்தால் அசைவு கொஞ்சம், நுனியில் உட்கார்ந்தால் அதிகம். கப்பலும் அப்படித்தான். நீளத்தில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ்த்தளங்கள், அங்கேதான் ஆட்டம் குறைவு. முன்கோடியும் உச்சித்தளமும் சேர்ந்த இடத்தில்தான் அதிகம். கப்பல் அறைகளை விற்கிற தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

ஸ்டெபிலைசர் விஷயமும் பாதி உண்மைதான். கப்பலின் வயிற்றிலிருந்து இரண்டு பக்கமும் மீனின் துடுப்பு மாதிரி நீளும் தகடுகள் அவை. பக்கவாட்டில் உருளும் ஆட்டத்தை அவை நன்றாகவே குறைக்கின்றன. ஆனால் எதிரே வரும் அலையில் முகப்பு ஏறி ஏறி விழுமே, அந்த ஆட்டத்துக்கு அவை உதவாது. எங்கள் பயணமோ மேற்கு நோக்கி. வட அட்லாண்டிக்கில் காற்றும் தாழ்வு மண்டலங்களும் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வரும். அதாவது அலையை முகத்தில் வாங்கிக்கொண்டே போக வேண்டிய வழி அது.

கிளம்பி மூன்றாம் நாளே முதல் பாடம். வானம் பளிச்சென்று நீலமாக இருந்தது, காற்றே இல்லை, ஆனால் கப்பல் மெதுவாக, நீளமாக ஆடியது. அம்மா ஒன்றும் சாப்பிடவில்லை. "வெயில் அடிக்குது, அப்புறம் ஏன்டி இப்படி ஆடுது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அது ஸ்வெல் என்று பிறகு ஒரு கப்பல் அதிகாரி சொன்னார். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு புயல் கிளப்பிய அலை, அந்தப் புயல் ஓய்ந்த பிறகும் நாள்கணக்கில் உருண்டுகொண்டே வரும். அதனால் வெயிலைப் பார்த்துக் கடலைக் கணிக்காதீர்கள்.

ரெய்க்யவிக்கை விட்டுக் கிளம்பிய மாலை கேப்டன் ஒலிபெருக்கியில் பேசினார். கிரீன்லாந்தின் தென்முனையான ஃபேர்வெல் முனைக்கு அருகே ஆழமான தாழ்வு மண்டலம், காற்றின் பலத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 9 காற்று, அலை 6 மீட்டர், கிரீன்லாந்து நிறுத்தம் ரத்து, தெற்கே விலகிப் போகிறோம் என்றார். பியூஃபோர்ட் 9 என்றால் மணிக்கு 75 முதல் 88 கிலோமீட்டர் வேகக் காற்று. அலை 6 மீட்டர் என்றால் எல்லா அலையும் 6 மீட்டர் என்று அர்த்தமில்லை. அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரியைத்தான் அப்படிச் சொல்வார்கள். தனி அலை ஒன்று அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை எழும்பலாம்.

அன்றைய இரவை மறக்க முடியாது. முகப்பு அலையில் விழும் ஒவ்வொரு முறையும் இரும்புக் கதவை ஓங்கிச் சாத்தியது போல ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து அறை முழுக்க ஒரு நடுக்கம். அலமாரிக்குள் துணி மாட்டும் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று மோதி விடிய விடிய டக் டக் என்றன. மேசையிலிருந்த தண்ணீர் டம்ளர் தானாக நகர்ந்து விளிம்பு வரை போய், திரும்பி வந்தது. அம்மா கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தார். வாந்தி எடுக்க வயிற்றில் ஒன்றுமில்லாமல் வெறும் குமட்டல். குளியலறைக்கு அவரைத் தோளில் தாங்கித்தான் அழைத்துப் போனேன்.

அறையைக் கவனித்துக்கொண்ட பையன் வந்தான். கேட்காமலே ஹேங்கர்களுக்கு நடுவில் துண்டுகளைச் செருகிச் சத்தத்தை நிறுத்தினான். டம்ளரை எடுத்து வாஷ்பேசினுக்குள் வைத்தான். "இந்த ரூம்ல எப்பவுமே இப்படித்தான் மேடம். அம்மாவைக் கீழே நடுத்தளத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றான். வரவேற்பு மேசைக்கு எதிரே இருந்த சோபாவில் அம்மாவைப் படுக்க வைத்தேன். ஒரு மணி நேரத்தில் அவர் முகத்தில் ரத்தம் வந்தது. அதே கப்பல், அதே அலை. மீதி இரண்டு இரவும் அந்த சோபாவில்தான் கழிந்தன. வேறு அறை காலி இல்லை. கேப்டன் மேலோ ஊழியர்கள் மேலோ எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர்கள் தங்கமானவர்கள்.

பால்கனி பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான்கு நாள் வெளித்தளங்களைப் பூட்டிவிட்டார்கள், நீச்சல் குளத்தை வடித்து வலை போட்டார்கள், பால்கனிக் கதவைத் திறக்காதீர்கள் என்றார்கள். கடல் அவ்வளவு மோசமில்லாத நாளிலும் மேல்தளத்தில் நிற்க முடியாது. எதிர்க்காற்று 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்), கப்பலின் வேகம் 20 நாட் என்றால் தளத்தில் நிற்பவர் மேல் அடிப்பது 40 நாட். அதுவே புயல் காற்றுதான்.

திரும்பி வந்ததும் முகவரிடம் போனேன். "வானிலைக்கு நாங்க எப்படிப் பொறுப்பாக முடியும்?" என்றார். நான் வானிலைக்கு அவரைப் பொறுப்பாக்கவில்லை. அந்த மாதத்தில், அந்த வழியில் கடல் எப்படி இருக்கும் என்பது ஒளிவுமறைவான செய்தி இல்லை. 1840களில் மேத்யூ மோரி என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி கப்பல்களின் பயணக் குறிப்பேடுகளைத் திரட்டிக் காற்று வரைபடங்கள் போட்டார். அவற்றின் வழிவந்த பைலட் சார்ட் என்னும் கடல் வரைபடங்களை அமெரிக்க அரசின் வரைபட நிறுவனம் இன்றும் மாதவாரியாக இலவசமாக வெளியிடுகிறது. எந்த மாதத்தில் எங்கே எவ்வளவு காற்று, எங்கே உயர்ந்த அலை என்று அதில் இருக்கும். கிரீன்லாந்தின் அந்தத் தென்முனை உலகப் பெருங்கடல்களிலேயே பலத்த காற்று வீசும் இடங்களில் ஒன்று. இதைச் சொல்லாமல் மறைத்ததுதான் என் புகார். அதற்கு அவர் பதில்: "நான் அப்படிச் சொன்னதா எழுத்துல எதாவது இருக்கா?" இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சு.

ரத்தான கிரீன்லாந்து நிறுத்தத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது துறைமுகக் கட்டணம் மட்டும். பயண ஒப்பந்தத்தில் வழியை மாற்றவும் நிறுத்தத்தைத் தவிர்க்கவும் கேப்டனுக்கு முழு உரிமை உண்டு, பாதுகாப்புக்கு அது அவசியமும்கூட. ஆனால் கப்பல் கரையில் அணையாமல் டெண்டர் என்னும் சிறு படகில் ஏற்றிக் கரையில் இறக்கிவிடும் இடங்கள் எவை என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அலை கொஞ்சம் எழும்பினாலும் முதலில் ரத்தாவது அவைதான்.

வேறு வழிகளில் போகிறவர்களுக்கும் கொஞ்சம். இலையுதிர் காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆசை என்றால் கேனரி தீவுகள் வழியாகக் கரீபியன் போகும் தெற்கு வழி பெரும்பாலும் இதமானது. கிழக்கிலிருந்து நிலையாக வீசும் வணிகக் காற்று பின்னாலிருந்து தள்ளும். ஆனால் இங்கிலாந்தில் ஏறினால் முதலில் பிஸ்கே விரிகுடாவைத் தாண்ட வேண்டும், அது குளிர்காலத்தில் பொல்லாதது. அட்லாண்டிக்கின் சூறாவளிக் காலமும் நவம்பர் 30 வரை நீளும். ஜூன், ஜூலையில் நியூஃபவுண்ட்லாந்து பக்கம் போனால் அலை குறைவு, ஆனால் குளிர்ந்த லாப்ரடார் நீரோட்டத்தின் மேல் சூடான காற்று வந்து படிந்து அடர்ந்த மூடுபனி கிளம்பும். கப்பல் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையாவது ஊதிக்கொண்டே போகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும். அண்டார்க்டிகா போகிறவர்கள் டிரேக் நீர்வழியின் 800 கிலோமீட்டரைக் கடந்துதான் ஆக வேண்டும். நிலமே குறுக்கிடாமல் உலகைச் சுற்றி வரும் மேற்குக் காற்று அங்கே வீசுகிறது. சில நாள் ஏரி மாதிரி இருக்கும், சில நாள் இருக்காது. ஏரி மாதிரி இருந்த படத்தை மட்டும் காட்டினால் நம்பாதீர்கள்.

மருந்து விஷயத்தில் நான் செய்த தவறு, குமட்டல் வந்த பிறகு மாத்திரை கொடுத்தது. ஆட்டம் தொடங்கும் முன்பே போட வேண்டும் என்று கப்பல் மருத்துவர் சொன்னார். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டையை நான்கு மணி நேரம் முன்னதாகவே ஒட்ட வேண்டும், மூன்று நாள் வேலை செய்யும். கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகலாம். அம்மாவுக்கு அது இருப்பதால் ஊசிதான் போட்டார்கள். உங்கள் டாக்டரிடம் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

முகவரிடம் பேசும்போது மின்னஞ்சலில் கேளுங்கள்: இந்த மாதத்தில் இந்த வழியில் வழக்கமாக அலை எவ்வளவு, டெண்டர் நிறுத்தங்கள் எத்தனை, அறை கப்பலின் எந்தப் பகுதியில், எத்தனையாவது தளம். பதிலும் எழுத்தில் வரட்டும். ஏற்கெனவே முன்பதிவு செய்தவர்கள் தளங்களின் வரைபடத்தை எடுத்து உங்கள் அறை எங்கே இருக்கிறது என்று இன்றே பாருங்கள். முன்கோடியில் இருந்தால் நடுவுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். கப்பல் நிரம்பாத வரை பெரும்பாலும் மாற்றித் தருவார்கள், ஏறிய பிறகு கேட்டால் எங்களைப் போல சோபாதான்.