ஏட்டுக் கணக்கும் கிணற்றுக் கணக்கும்: நிலத்தடி இருப்பை அளக்கும் மூன்று முறைகள்

கிருஷ்ணா-கோதாவரி ஆழ்கடலில் ரிலையன்ஸின் டி6 தொகுதியிலுள்ள டி1, டி3 வாயு வயல்கள் நாளொன்றுக்கு 8 கோடி கன மீட்டர் தரும் என்பது 2006-ஆம் ஆண்டுத் திட்டம். 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கியது. மறு ஆண்டு 5 கோடியைத் தாண்டியது, பிறகு சரிந்தது. எடுக்கக்கூடிய வாயு சுமார் 10 லட்சம் கோடி கன அடி என்றிருந்த மதிப்பீடு, பின்னர் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. 2020 பிப்ரவரியில் உற்பத்தி நின்றது.

இருப்பைக் கணக்கிட, பெட்ரோலிய நிலவியல் மாணவர்கள் மூன்று முறைகளைப் படிக்கிறார்கள்: கன அளவு முறை, பொருட்சமன் முறை, சரிவுக்கோட்டு முறை. தேர்வில் மூன்றுக்கும் ஒரே மதிப்பெண் கிடைக்கலாம். என் கணக்கில் அவை சமமல்ல.

கன அளவு முறை வெறும் பெருக்கல்தான். பாறையின் பரப்பு, தடிமன், அதில் நுண்துளைகளின் பங்கு, துளைகளில் நீர் போக எஞ்சும் எண்ணெயின் பங்கு. இவற்றைப் பெருக்கி, மேலே வரும்போது எண்ணெய் சுருங்குவதற்காக ஒரு காரணியால் வகுக்க வேண்டும். 1 சதுர கிலோமீட்டர், 10 மீட்டர், 20 சதவீதத் துளை, 70 சதவீத எண்ணெய், வகுக்கும் எண் 1.25 என்றால் 11.2 லட்சம் கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 70 லட்சம் பீப்பாய். துளையை 15 என்றும் எண்ணெயை 60 என்றும் திருத்திப் பாருங்கள். 7.2 லட்சம்தான் மிஞ்சும். இரண்டு சிறு திருத்தங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது!

இதைவிடப் பெரிய ஓட்டை பரப்பில் இருக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்படிக்குப் பொருந்தும், பாறைக்குப் பொருந்தாது. டி1, டி3 வயல்களின் மணல், பழைய ஆழ்கடல் கால்வாய்களில் படிந்தது. ஒரு கிணற்றில் தடித்து நிற்கும் மணல் அடுத்த கிணற்றுக்குள் களிமண்ணாக மாறிவிடலாம். ஆனாலும், உற்பத்தி தொடங்கும் முன் கையில் இருக்கும் கணக்கு முக்கியமாக இதுதான். ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் வீச்சாகச் சொன்னால் ஓரளவு நேர்மையானது.

1936-இல் எண்ணெய்த் துறைப் பொறியாளர் ஷில்துயிஸ் வகுத்த பொருட்சமன் முறைக்குப் பரப்பும் தடிமனும் வேண்டியதில்லை. எவ்வளவு எடுத்தோம், அழுத்தம் எவ்வளவு குறைந்தது என்பதே கேள்வி. வாயுவின் விலகல் காரணியால் (இலட்சிய வாயுவிலிருந்து அது எவ்வளவு மாறுபடுகிறது என்று காட்டும் எண்) வகுத்த அழுத்தம் 300 பாரிலிருந்து 270-க்கு இறங்க 100 கோடி கன மீட்டர் செலவானால், மொத்தம் 1,000 கோடி. கிணற்றோடு தொடர்புள்ள வாயுவை மட்டுமே இது எண்ணும். அதனால்தான் இதை நான் நம்புகிறேன். குறைகளும் உண்டு: கீழிருந்து நீர் தள்ளினால் அழுத்தம் தாங்கி நிற்கும், இருப்பு அதிகம்போலத் தோன்றும். அழுத்தம் அளக்கக் கிணற்றை மூட வேண்டும். மூடிய நாட்களில் விற்பனை இல்லை என்பதால் அளவீட்டைத் தள்ளிப்போடவே மனம் வரும். எல்லாவற்றையும்விட, கோடிகளைக் கொட்டி உற்பத்தி தொடங்கிய பிறகுதான் இது வாய் திறக்கும்.

இன்னொரு பொறியாளர் ஆர்ப்ஸ் 1945-இல் முறைப்படுத்திய சரிவுக்கோடு மிக மலிவானது. உற்பத்தி குறைந்துவரும் வளைவை அப்படியே நீட்டினால் போதும், பாறையைப் பற்றி எதுவும் தெரிய வேண்டாம். அசாமின் டிக்பாய் போல நூறாண்டு கடந்த எண்ணெய் வயலுக்கு இது நன்றாகவே ஒத்துவரும். புது வயலில் வால்வைச் சற்று திறந்தாலே கோடு பொய்யாகிவிடும். வளைவை மிகத் தட்டையாக வரைந்தால் கூட்டுத்தொகைக்கு எல்லையே இருக்காது. முதலீட்டாளர் கூட்டத்துக்கு அழகான படம் கிடைக்கும், அவ்வளவுதான்.

எனவே மூன்றில் ஒன்று என்றால் பொருட்சமன்தான் என் தேர்வு. ஆனால் கன அளவு முறையைத் தூக்கி எறியவும் முடியாது. பாறையில் இருப்பு 1,000 என்று அது சொல்லி, அழுத்தத்தை வைத்துப் போட்ட கணக்கு 350 என்று சொன்னால், நடுவிலுள்ள 650-க்கு இரண்டு விளக்கங்கள் உண்டு: அது முதலிலேயே இல்லை, அல்லது பிளவுக்கும் களிமண் சுவருக்கும் அப்பால் கிணறு எட்டாமல் கிடக்கிறது. டி6 உற்பத்திச் சரிவு குறித்த வழக்கிலும் சண்டை இங்கேதான் வந்தது. ஒப்புக்கொண்ட கிணறுகளைத் தோண்டவில்லை என்றது அரசு. நிலவியலே எதிர்பார்த்தபடி இல்லை என்றது நிறுவனம்.