ஐலண்ட் மேடை: 30, 36, 42 அங்குலத்தில் எது, அதன் மேல் எந்தக் கல்?

சமையலறை நடுவில் தனியாக நிற்கும் ஐலண்ட் மேடையைப் போட நினைப்பவர்கள் முதலில் கல்லின் நிறத்தைத்தான் பார்க்கப் போகிறார்கள். உயரத்தை "எல்லாருக்கும் போடுற உயரமே போடுங்க" என்று வேலை செய்பவரிடம் விட்டுவிடுகிறார்கள். நான் இதை அப்படியே தலைகீழாக்கச் சொல்வேன். நிறம் பிடிக்காமல் போனால் இரண்டு மாதத்தில் கண் பழகிவிடும். உயரம் தப்பினால் முதுகு பழகாது.

உயரத்தில் போட்டி மூன்றுக்குள்தான். சாப்பாட்டு மேசை உயரமான 30 அங்குலம், வழக்கமான சமையல் மேடையின் 36, பார் ஸ்டூல் போட்டு உட்காரும் 42.

36 என்பது எங்கிருந்து வந்தது? கல்லைத் தாங்கும் அடிப்பெட்டி 34½ அங்குலம், மேலே ஒன்றரை அங்குலக் கல், அவ்வளவுதான். அது ஒரு சராசரி, சட்டம் கிடையாது. நின்றுகொண்டு நறுக்குவதற்கு, மடக்கிய முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே மேடை இருந்தால் தோள் தூக்காது, இடுப்பும் வளையாது. முழங்கை 105 செ.மீ. உயரத்தில் இருப்பவருக்கு 90 முதல் 95 செ.மீ. சரி, அதாவது 36 அங்குலம் கச்சிதம். முழங்கை 95 செ.மீ.யில் இருப்பவருக்கு அதே மேடை கை தூக்கி வேலை செய்ய வைக்கும். மாவு பிசைய இன்னும் தாழ வேண்டும், ஏனென்றால் அங்கே உடம்பின் எடை முழுவதும் கீழ்நோக்கி அழுத்துகிறது. அளக்கும்போது வீட்டுக்குள் போடும் செருப்போடு நின்று அளந்துகொள்ளுங்கள்.

துணி தேய்க்கும் மேசை வீட்டில் இருக்கிறதா? அதன் உயரத்தை ஏற்றி இறக்கலாம் அல்லவா, மேடை வரப்போகும் இடத்தில் அதை நிறுத்தி, மேலே பலகை வைத்து அரை மணி நேரம் காய் நறுக்கிப் பாருங்கள். எந்த வரைபடமும் சொல்லாததை அது சொல்லிவிடும்.

42 அங்குலம் வேலைக்கான உயரமே இல்லை, உட்காருவதற்கானது. அதனால் 36-க்குப் பின்னால் 6 அங்குலம் உயர்த்தி இரண்டு தட்டாகக் கட்டுவார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் கழுவாத பாத்திரம் தெரியாது, தண்ணீரும் எண்ணெயும் அவர் மேல் தெறிக்காது. சிங்க்கோ அடுப்போ ஐலண்டிலேயே வருகிறது என்றால் இது நல்ல வாதம். இல்லையென்றால் எனக்கு இது வீண் செலவாகத்தான் படுகிறது. ஒரே பரப்பாக இருந்தால் பெரிய வேலையை விரித்துப் போட்டுச் செய்யலாம். நடுவில் ஒரு படி வந்தால் இரண்டு பக்கமும் குறுகிப்போகும். அந்தப் படியின் மூலையில் சேரும் அழுக்கு தனி. சின்னக் குழந்தைகள் அவ்வளவு உயர ஸ்டூலில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகச் சமைக்கவும் முடியாது.

30 அங்குலத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. சாதாரண நாற்காலி போதும், வயதானவர்கள் உட்கார்ந்தே நறுக்கலாம், குழந்தைகள் கால் தொங்காமல் உட்காரலாம். சக்கர நாற்காலிக்கும் ஒத்துவரும்: அடியில் 27 அங்குலம் திறந்திருக்க வேண்டும், மேல்பரப்பு 34-ஐத் தாண்டக் கூடாது. ஆனால் முழு ஐலண்டையும் 30-ல் வைத்தால் நின்று வேலை செய்பவர் நாள் முழுக்கக் குனிய வேண்டியதுதான். ஆக, இரண்டு தட்டு வேண்டும் என்றால் ஒரு முனையைத் தாழ்த்துங்கள். உயர்த்தியதை விட இது நிறைய உழைக்கும்.

இதில் உட்காரும் பக்கம் கல் எவ்வளவு வெளியே நீண்டிருக்க வேண்டும் என்பதும் உயரத்தோடு சேர்ந்தே மாறும். 30 அங்குல மேடைக்கு முழங்கால் நுழைய 18 அங்குலம், 36-க்கு 15, 42-க்கு 12. தாழ உட்கார்ந்தால் தொடை முன்னே நீளும், உயர உட்கார்ந்தால் கால் கீழே தொங்கும், அதுதான் காரணம். ஸ்டூலின் இருக்கை மேடையை விட 10 முதல் 12 அங்குலம் கீழே இருக்கட்டும். ஆளுக்கு 24 அங்குல அகலம். நான்கு ஸ்டூல் ஆசை இருந்தால் 8 அடி நீளம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று, எங்கள் வீட்டில் நடந்தது. வெறும் தரையிலிருந்து அளந்து பெட்டிகளை நிறுத்திவிட்டார்கள், டைல்ஸ் அப்புறம்தான் வந்தது. கலவையும் டைல்ஸும் சேர்ந்து தரை கிட்டத்தட்ட 2 அங்குலம் ஏறியதில் மேடை அந்த அளவு தாழ்ந்துபோனது. குள்ளமான எனக்கு அது யோகம். பாத்திரம் கழுவும் மெஷின் மட்டும் கடைசி வரை உள்ளே போகவில்லை, அது நுழைய மேடைக்கு அடியில் சுமார் 34 அங்குலம் வேண்டும். உயரத்தை எப்போதும் முடிந்த தரையிலிருந்து கணக்கிடச் சொல்லுங்கள், கல்லின் தடிமனையும் சேர்த்து.

இனி கல். பெரும்பாலும் கடைசிச் சுற்றில் மோதுவது கிரானைட்டும் குவார்ட்ஸும்.

கிரானைட் பூமி கொடுத்தது. சூடான பாத்திரத்தை இறக்கி வைத்தால் பெரிதாக அலட்டிக்கொள்ளாது. நுண்துளைகள் உண்டு, அதனால் அவற்றை அடைக்கும் சீலரை அவ்வப்போது பூச வேண்டும். பூச வேண்டுமா என்று தெரிய, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் கறுத்திருந்தால் நேரம் வந்துவிட்டது. ஒரு கல் போல இன்னொன்று இருக்காது, ஆகவே மாதிரித் துண்டை நம்பாமல் உங்களுக்கு வரப்போகும் பலகையையே நேரில் பாருங்கள்.

குவார்ட்ஸ் என்று விற்பது சுமார் 90 சதவீதம் குவார்ட்ஸ் துகள், மிச்சம் அதை ஒட்டிப் பிடிக்கும் ரெசின் என்ற பிசின். சீலர் தொல்லை இல்லை, கறை எளிதில் இறங்காது, நிறம் ஒரே சீராக வரும். பலவீனம் அந்த ரெசின்தான். அடுப்பிலிருந்து எடுத்த பாத்திரத்தை நேராக வைத்தால் நிறம் மாறலாம், விரிசல்கூட விடலாம். வெயில் நேராக விழும் இடத்தில் வெள்ளை ரகம் நாளடைவில் மஞ்சளிக்கும். ஐலண்டுக்கு மேலே கண்ணாடிக் கூரை வைத்திருப்பவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும். அறுக்கும்போது கிளம்பும் சிலிக்கா தூசியும் சின்ன விஷயம் இல்லை. தொழிலாளர்களுக்கு அந்தத் தூசியால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்ததால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தச் செயற்கைக் கல்லையே தடை செய்தது. வீட்டில் பதித்த கல்லால் நமக்கு ஆபத்து இல்லை. ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் விடாமல் அறுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள், அது எந்தக் கல்லானாலும் சரி.

மற்றவை சுருக்கமாக. மார்பிள் அழகு, ஆனால் எலுமிச்சைச் சாறு பட்டால் மினுமினுப்பு போய்விடும், சீலர் அதைத் தடுக்காது. ஸ்டீல் சூட்டுக்கு அஞ்சாது, கீறலும் சத்தமும் சேர்த்தே வாங்குகிறோம். லேமினேட் இலேசானது, ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் உப்பிவிடும். மரம் எண்ணெய் கேட்கும், சிங்க் பக்கத்தில் கறுக்கும். சூடு பட்ட வடுவை மட்டும் தேய்த்து எடுத்துவிடலாம்.

சுவரோர மேடைக்கு இல்லாத ஒரு கணக்கு ஐலண்டுக்கு உண்டு. 3 செ.மீ. கிரானைட் சதுர மீட்டருக்குச் சுமார் 80 கிலோ. 2 மீட்டருக்கு 1 மீட்டர் மேடை என்றால் 160 கிலோ. அந்தத் தடிமனில் தாங்கல் இல்லாமல் 10 அங்குலம் வரைதான் வெளியே நீட்டுவார்கள், 2 செ.மீ. என்றால் 6. முன்னே சொன்ன 15 அங்குலத்துக்கு அடியில் இரும்புத் தாங்கிகள் கட்டாயம், எப்படியும் ஒருநாள் யாராவது ஓரத்தில் ஏறி உட்காரத்தான் போகிறார்கள். தாங்கிகளைப் பெட்டி நிற்கும்போதே பொருத்த வேண்டும், கல் வந்த பிறகு அல்ல. பலகையின் நீளம் பெரும்பாலும் 3 மீட்டர் சுற்றித்தான்; அதைத் தாண்டினால் நடுவில் ஒட்டு தெரியும்.

என்னைக் கேட்டால், சிங்க் இல்லாத ஐலண்டுக்கு முழங்கைக்குத் தக்க உயரத்தில் ஒரே தட்டுக் கிரானைட், ஒரு முனையில் மட்டும் 30 அங்குலத்தில் மரப்பலகை. சிங்க்கிலிருந்து தள்ளி இருப்பதால் மரம் கறுக்காது, உட்காருபவரின் கைக்கும் கல்லின் குளிர்ச்சி படாது. அதோடு 18 அங்குல நீட்டலுக்குக் கல்லைத் தூக்கிப் பிடிக்கும் வேலையும் மிச்சம், மரப்பலகையை இரண்டு கால்களே தாங்கிவிடும்.