மக்காச்சோளத் தட்டு: மாட்டுக்கா, மண்ணுக்கா?

கதிர் ஒடித்து முடித்த காட்டில் தட்டு, அதாவது தண்டும் தோகையும் மட்டும் நிற்கும்போது, தை மாதம் தவறாமல் எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். அறுத்துப் போர் போடுவதா, கேட்டு வருபவருக்குக் கொடுத்துவிடுவதா, மடக்கி உழுதுவிடுவதா? பல வருடம் முதல் இரண்டைத்தான் செய்தோம். இரண்டு பட்டமாக (சாகுபடிப் பருவமாக) மூன்றாவதுக்கு மாறிவிட்டேன். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை, முன்பே சொல்லிவிடுகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் மக்காச்சோள விளைச்சல் ஒன்றரைக் கோடி டன் அளவில் இருந்தது. இப்போது 3.5 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. கோழித் தீவனத்துக்குப் போவது போதாதென்று எத்தனால் ஆலைகளும் வாங்குகின்றன. பெரம்பலூர்க் கரிசலில் பருத்தி இருந்த இடத்தையெல்லாம் இது பிடித்துக்கொண்டதைப் பார்க்கிறோம். தானியம் எவ்வளவோ, ஏறக்குறைய அதே எடைக்குக் காய்ந்த தட்டும் நிற்கும். அதாவது தட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. தின்ன வேண்டிய வாய்தான் அந்த அளவுக்குக் கூடவில்லை. உழவு மாட்டின் வேலையை டிராக்டர் எடுத்துக்கொண்டது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில், 2012ஐவிட நாட்டு மாடுகள் 6 சதவீதம் குறைவு. கூடியது கலப்பின மாடு. கறவையில் நிற்கும் கலப்பினத்துக்கு வெறும் தட்டைப் போட்டால் பால் இறங்கிவிடும்.

மாட்டுத் தீவனம் என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். தட்டில் புரதம் 3 முதல் 5 சதவீதம்தான். முழுத் தட்டாகப் போட்டால் மாடு தோகையையும் மட்டையையும் உருவித் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்கிவிடும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டாக வெட்டிப் போட்டால்தான் தண்டும் உள்ளே போகும். நூறு கிலோவுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்தால் தரம் ஏறும் என்பதும் உண்மை. ஒரு முறை செய்தேன், மாடு நன்றாகத் தின்றது. வருடா வருடம் செய்ய ஆள் வேண்டுமே! ஊறுகாய்ப்புல், அதாவது பச்சைத் தட்டைக் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைக்கும் தீவனம், என்ற யோசனை இங்கே பொருந்தாது. அதற்குக் கதிர் பால் பிடித்து இறுகும் பருவத்திலேயே பச்சையாக அறுக்க வேண்டும், தானிய வருமானத்தை மறந்துவிட வேண்டும்.

எரிப்பதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. தழைச்சத்தும் (நைட்ரஜன்) கரிமமும் புகையாகப் போய்விடும்.

சரி, நான் மாறியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று, பொட்டாஷ் என்கிற சாம்பல் சத்து. நெல்லோ சோளமோ, பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி தண்டிலும் இலையிலும்தான் தங்குகிறது. மக்காச்சோளத்தில் ஏக்கருக்கு 25 குவிண்டால் விளைந்தால், தானியத்தோடு போவது 10, 12 கிலோ. தட்டில் நிற்பதோ குறைத்துப் பிடித்தாலே 30 கிலோ. வீரிய ஒட்டு ரகத்துக்கு இறவையில் (பாசனத்தில்) வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் பரிந்துரை ஹெக்டேருக்கு 75 கிலோ, ஏக்கருக்கு அதே 30 கிலோ. 50 கிலோ பொட்டாஷ் மூட்டை ஒன்றில் இருப்பதும் அவ்வளவுதான். ஒரு ஏக்கர் தட்டைக் கொடுத்து அனுப்பினால் கூடவே ஒரு மூட்டை பொட்டாஷையும் ஏற்றி அனுப்புகிறோம். அதுவும் நாடு முழுக்க இறக்குமதியை நம்பி இருக்கும் உரம்.

“மாடு தின்றால் சாணியாக மண்ணுக்கே வந்துவிடுமே” என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். மாடு தின்ற பொட்டாஷில் பெரும்பகுதி வெளியேறுவது சாணியில் இல்லை, கோமியத்தில். நம் கொட்டில்களில் சாணியைக் கூடையில் அள்ளிக் குப்பைமேட்டில் சேர்க்கிறோம், கோமியம் மண்தரையில் ஊறியே போய்விடுகிறது. கொட்டிலுக்குச் சிமெண்டுத் தரை போட்டு, வாய்க்கால் எடுத்துத் தொட்டியில் பிடிக்கிறவர் இருந்தால் அவருக்கு என் கணக்குப் பொருந்தாது. அவர் தாராளமாக மாட்டுக்கே போடலாம்.

இன்னொரு விஷயம், பொட்டாஷ் கிடைக்கத் தட்டு மக்கித் தீர வேண்டியதில்லை. அது செடியின் சாற்றில் கரைந்தே இருப்பதால் மழை பட்டாலே கழுவி இறங்கிவிடும். “உழுதீர்களே, சித்திரையிலும் சக்கை அப்படியே கிடக்கிறதே” என்று கேட்பவருக்கு இதுதான் என் பதில். (இந்தக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால், விற்பதைவிட எரிப்பதே மேல், சாம்பலிலாவது பொட்டாஷ் நிற்கும். காற்று அடித்துப் போகாத வரைக்கும்.)

இதில் தொல்லை இல்லாமல் இல்லை. முதல் வருடம் ரோட்டவேட்டரை ஒரே ஓட்டு ஓட்டிவிட்டு, தாமதிக்காமல் எள் விதைத்தேன். பயிர் வெளுத்துப்போனது. தட்டில் கரிமம் அதிகம், தழைச்சத்து குறைவு. அதை மக்க வைக்கும் நுண்ணுயிரிகள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தை முதலில் தங்களுக்கு எடுத்துக்கொள்கின்றன. அப்புறம்தான் புரிந்து, அடுத்த முறை உழுமுன் கொஞ்சம் யூரியா தூவினேன், கோடை மழை ஒன்று பெய்யும்வரை விதைக்காமல் விட்டேன். பச்சை குறையவில்லை. டீசல் செலவு இரண்டு ஓட்டுக்கு ஆகிறது, அதை மறைக்க முடியாது. தண்டுத் துளைப்பான் புழு காய்ந்த தண்டுக்குள்தான் அடுத்த பட்டம் வரை ஒளிந்திருக்கும் என்பதால், தண்டு பொடியாவது ஒரு கொசுறு லாபம். 2018க்குப் பிறகு நம்மைப் படுத்தும் படைப்புழுவின் கூட்டுப்புழு மண்ணில் மேலாகவே கிடக்கும், உழவில் அதுவும் வெயிலுக்கு வரும். ஆனால் என் காட்டில் புழு குறைந்தது உழவினாலா, மழையினாலா என்று இரண்டு பட்டத்தை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். பேலர் (தட்டைக் கட்டாகக் கட்டும் இயந்திரம்) விட்டுக் கட்டாக விற்றதும் இல்லை, அதனால் அந்தப் பக்கம் பேசவில்லை.

இந்த வருடம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு ஏக்கர் தட்டு கேட்டிருக்கிறார். “எடுத்துக்கோங்கண்ணே, பதிலுக்கு ரெண்டு டிராக்டர் எரு கொட்டிடுங்க” என்றேன். “ஒரு டிராக்டர்னு வெச்சுக்கலாமே” என்கிறார். இன்னும் முடிவாகவில்லை.